உணரிக்குப் போர்த்திய கம்பளி

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வருங்காலத் துகள் மோதல் கருவிக்காக நான் மாதக்கணக்கில் உருவாக்கிய சிலிக்கான் உணரியில், சோதனையின்போது மின்னோட்டம் தாறுமாறாக எகிறியது.

"செத்துப்போச்சும்மா, முதல்லேருந்து ஆரம்பி" என்றார் குழுத்தலைவி.

ஒவ்வோர் இணைப்பாக மறுபடி சரிபார்த்தேன். பிறகுதான் சோதனைப் பெட்டியின் மூடி இடுக்கில் வெளிச்சம் புகுவதைக் கவனித்தேன். உணரிக்கு இருட்டு வேண்டும்; வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் ஏறிவிடும். "எதுக்கு இந்த மூட்டை?" என்று நான் சலித்துக்கொண்டும் கேட்காமல், கிளம்பும்போது நீ திணித்துவிட்ட கறுப்புக் கம்பளியை அறையிலிருந்து ஓடிப்போய் எடுத்துவந்து போர்த்தினேன். மின்னோட்டம் அடங்கியது. உணரி பிழைத்தது.

"உங்கம்மாவையும் குழுவுல சேர்த்துக்கலாம்!" என்று கம்பளியின் கதையைக் கேட்டுச் சிரித்தார் தலைவி. உனக்குத்தான் நன்றி.

கம்பளி இனி ஆய்வகத்துக்கே. இங்கே கடையில் கிடைக்கும்தான். இருந்தாலும் நீ போர்த்துவதில் ஒன்றை அனுப்பேன். துவைக்க வேண்டாம்.

அவசரத்தில்,
உன் மகள்