அனுமதியோடு விளைந்த கிஃப்

அய்ன் ரம்மான்,
ஷாவன் மலை.
செப்டம்பர் கடைசி.

புகழ் எல்லாம் இறைவன் ஒருவனுக்கே. கென்ட் நகரத்தில் இருக்கும் என் கண்ணான மகள் நஜாத்துக்கு உன் பாபா எழுதுவது. இந்த வரியை எழுதும்போது நானும் உன் யிம்மாவும் வயிறு நிறைந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் அத்தி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை இத்ரீஸும் பிள்ளைகள் இருவரும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் இது யார் எழுதியது என்று நீ யோசித்திருப்பாய். நான்தான் மகளே, என் கையேதான். டான்ஜியரில் பெரியவர்களுக்காக மசூதியில் நடத்தும் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேனே, அது வீண்போகவில்லை. உனக்குக் கல்யாணமாகிப் போன புதிதில் வந்த கடிதங்களை எல்லாம் தெருமுனை டெலிபோன் கடைக்காரன்தான் எழுதினான். நான் சுகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிலவையும் ரோஜாவையும் கூட்டி நாலு வரி எழுதிவிடுவான், அந்த நிலவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதில் இருப்பதெல்லாம் நான் சொல்வது மட்டும்தான். மெதுவாகத்தான் எழுத வருகிறது, ஒரு வரி எழுதிவிட்டு ஒரு வாய் தேநீர் குடிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இங்கே மேட்டின் உச்சிக்கு ஏறினால்தான் சிக்னல் வரும், அப்படி ஏறிப் பேசினாலும் நீ பாதியிலேயே திட்டுவாய் அல்லது அழுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆகவேண்டும்.

டான்ஜியரில் உன் தம்பி முராதின் நாலாவது மாடி வீட்டை விட்டு நாங்கள் மலைக்குக் கிளம்பியபோது நீ போனில் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இந்த வயசுல மறுபடி அந்தச் செடிகிட்டயா போறீங்க பாபா? அதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடினோம்? முதல் அறுவடை கைவிலங்கு இல்லாம வீட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகட்டும், அப்புறம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் நான் அந்த மலைப்பக்கம் கால் வைக்கமாட்டேன்" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. பிடிவாரண்டில் என் பெயர் இருந்த அத்தனை வருஷமும் அடையாள அட்டைகூட எடுக்க முடியாமல் டான்ஜியர் தெருவில் மற்றவர்களின் கார்களுக்குக் காவல் நின்றேன், அதை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நீ. அரசரின் மன்னிப்பு வந்து என் பெயரை அடித்த பிறகும் உனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கும் முழுசாக வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்தார்கள், மருந்துக்காக மட்டும் கஞ்சா பயிரிட அனுமதி கொடுத்தார்கள், நம் கிஃப்பைத்தான் காகிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள், விதையும் அவர்களே கொடுத்தார்கள், எல்லாம் சரி. ஆனாலும் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் சாலையைத்தான் பார்ப்பேன்.

முதலில் இங்கே எப்படி இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்குக் கவலை தீராது. முராதின் வீட்டு மாடிப்படி ஏறினால் எனக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டும், இங்கே நீரோடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்குகிறேன். இருமல் போய்விட்டது. காலையில் பிஸாராப் பருப்புக் கஞ்சியில் புது ஒலிவ எண்ணெய் ஊற்றிக் குடித்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் திருப்புவேன், வெயில் ஏறியதும் வந்து படுத்துவிடுவேன். உன் யிம்மா என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "ஊரெல்லாம் பயிர் பண்ண வந்தான், இந்த மனுஷன் தூங்க வந்தான்" என்று ஆட்டிடம் சொல்வதுபோலச் சொல்லுவாள். அவளுக்கும் கைவலி குறைந்திருக்கிறது, ஆனால் அதை ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று உன் மகனைப் போலவே எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிறது. வெங்காயம் போதும் போதும் என்று விளைந்திருக்கிறது. வெளியாட்கள் வாங்க வந்து இரவில் கதவைத் தட்டுவது, பொடியாக்க முறத்தைத் தட்டும் சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று போர்வையால் சன்னலை மூடுவது, அந்தத் தொல்லை எல்லாம் இப்போது கிடையாது. பூத்த செடியை அறுத்து, நிழலில் உலர்த்தி, அப்படியே சங்கத்துக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. வலிப்பு வரும் பிள்ளைகளுக்கும், புற்றுநோய் வலியில் தூங்க முடியாதவர்களுக்கும் அதிலிருந்து எண்ணெய் எடுப்பார்களாம். உன் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி நாக்கில் சொட்டு விட்டுக்கொண்ட பிறகுதான் தூங்குகிறாள் என்று நீ ஒருமுறை சொன்னாயே, எனக்கு அவள் ஞாபகம்தான் அடிக்கடி வரும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. அறுப்பதற்கு முன்னால் அரசு ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்து இலையும் பூவும் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். போதை அளவுக்கு மேல் இருந்தால் மொத்தத்தையும் கொளுத்திவிடுவார்கள். வெட்டும்போது பயிருக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நிற்கவேண்டும், நிற்கவில்லை என்றால் அந்த வயல் அடுத்த சுற்றுக்குத்தான், அடுத்த சுற்றுக்குள் மழை வந்து பூவெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். ஆகஸ்டு மாதம், இன்னும் ஒரு வாரத்துக்குள் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். உன் யிம்மாவுக்கு ஒரே பரபரப்பு. வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், தேநீர்த் தட்டைத் தேய்த்தாள், அவர்கள் வந்த அன்றைக்குக் காலையில் இடுப்பில் கட்டும் சிவப்புக் கோடு போட்ட துணியையும் துவைத்து மொட்டைமாடிச் சுவரில் காயப்போட்டாள். டான்ஜியரில் அத்தனை வருஷம் மாடியில் துணி காயப்போட்ட பழக்கம். இங்கே அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவள் மறந்தே போனாள். கோடையில் எந்த வீட்டு மாடியிலாவது சிவப்புக் கோட்டுத் துணி தொங்கினால் போலீஸ் ஜீப் வருகிறது, ஆண்கள் எல்லாரும் ஓடுங்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மேட்டு வீட்டுப் பெண்கள் அப்படித்தான் எங்களைக் காப்பாற்றினார்கள்.

நான் வயலில் குனிந்து வாய்க்கால் அடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் வீட்டு மாடியிலேயே சிவப்புத் துணி. கீழே ஆற்று வளைவில் பார்த்தால் புழுதி, புழுதிக்கு முன்னால் போலீஸ் ஜீப். அதற்குப் பின்னால் ஏஜென்சியின் வெள்ளைக் கார் வந்தது என் கண்ணில் படவே இல்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினேன் மகளே. முட்டிவலி, வயசு, அனுமதி ஒன்றும் ஞாபகம் இல்லை. நான் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வயல் மஃபத்தல் ஓடினான், அவனைப் பார்த்து அவனுக்கு மேல் வயல்காரர்கள் ஓடினார்கள், கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. நானும் மஃபத்தலும் ஓடையோரம் அரளிப் புதருக்குள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். அவன் மூச்சு வாங்கியபடி, "ஸி அயாஷி, நாம ஏன் ஓடினோம்?" என்றான். "துணியைப் பாக்கலையா?" என்றேன். "பாக்கல, உன்னைத்தான் பாத்தேன். எனக்கு அனுமதி இருக்கே" என்றான். "எனக்கும்தான் இருக்கு" என்றேன். "அப்புறம் எதுக்குடா இந்த ஓட்டம்?" என்று கேட்டான். "என்னைக் கேக்காத, காலைக் கேளு" என்றேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், ஆனால் வெளியே வர இருவருக்கும் தைரியம் இல்லை. ஒருவேளை அனுமதியை ரத்து செய்துவிட்டார்களோ, பழைய வழக்கைத் தோண்டிவிட்டார்களோ, நஜாத் சொன்னதுதான் சரியாகிவிட்டதோ என்று மனசு எங்கெங்கோ போனது.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை உன் யிம்மா பிறகு சொன்னாள். காரிலிருந்து இறங்கியது சின்னப் பெண், இன்ஜினியர், பெயர் கவ்தர். வழித்துணைக்கு வந்தது ஒரு சார்ஜென்ட், மீசை நரைத்தவர், நல்ல மனுஷர். வயலில் யாருமே இல்லை என்றதும் அந்தப் பெண், "லல்லா ஷாமா, எனக்கு மத்தியானம் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகணும். உங்க வீட்டுக்காரர் வரலைன்னா நான் வெட்டாமத்தான் போகணும், என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். சார்ஜென்ட் மாடியைப் பார்த்தாராம். இந்த மலையிலேயே பல வருஷம் ஜீப் ஓட்டியவர், அவருக்கா தெரியாது. "லல்லா, முதல்ல அந்தத் துணியை எடுங்க. அது தொங்குற வரைக்கும் உங்க ஊர்ல ஒரு ஆம்பளை திரும்பி வரமாட்டான்" என்றாராம். உன் யிம்மா தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடித் துணியை உருவியிருக்கிறாள். பிறகு அங்கே நின்றபடியே குரல் கொடுத்தாள் பார், அது உனக்கு கென்ட் வரைக்கும் கேட்டிருக்கவேண்டும். "ஏய் மனுஷா! வெளிய வா! துணி நான் தோச்சுப் போட்டது! உன்னைப் பிடிக்க யாரும் வரலை, உன்னைப் பிடிச்சு என்ன செய்யப்போறாங்க, நானே இத்தனை வருஷமா வச்சிக்கிட்டு முழிக்கிறேன்! டீ ஆறுது, வா!" என்று மலையே எதிரொலித்தது. முதலில் மஃபத்தல்தான் நம்பினான். "போலீஸ் கையில மாட்டினவ இப்படித் திட்டமாட்டா, எந்திரி" என்றான்.

கிளை கிழித்த ஜெலாபா அங்கியோடு, தலையில் அரளி இலையோடு நான் வயலுக்கு வந்தேன். முகத்தில் ஈயாடவில்லை. சார்ஜென்ட் என் தோளைத் தட்டிவிட்டு, "ஓடுறவனைத் துரத்தி எனக்குப் பழக்கம் உண்டு ஹாஜி. ஓடினவனுக்கு டீயோட காத்திருந்தது இதுதான் முதல் தடவை" என்று வாய்விட்டுச் சிரித்தார். இன்ஜினியர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கால் நல்லா இருக்கே, அடுத்த தடவை என் காருக்கு முன்னாடி நீங்களே வந்து நின்னுடுவீங்க" என்றாள். செடிகளுக்கு நடுவே கோணல்மாணலாக நடந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டி, பையில் போட்டு, முத்திரை வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், நகரவில்லை. போகும்போது உன் யிம்மா இருவருக்கும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் கட்டிக் கொடுத்தாள். சார்ஜென்ட் முதலில் வேண்டாம் என்றார், பிறகு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு முடிவு வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். மேல் சரிவில் இன்னும் சிலர் அனுமதி இல்லாமல் பழைய விதை போடுகிறார்கள், அந்த மகரந்தம் காற்றில் வந்து என் செடியில் கலந்திருந்தால் நான் ஒன்றும் செய்யாமலே எல்லாம் போயிருக்கும். மேகம் கூடும்போதெல்லாம் நான் மேட்டுக்கு ஏறிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் சங்கத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் வயல் சரியாக இருக்கிறது, அறுக்கலாம் என்றார்கள். நான் மேட்டிலிருந்தே கத்தினேன், உன் யிம்மா கீழேயிருந்து குலவையிட்டாள், மஃபத்தலின் நாய் காரணம் தெரியாமல் குரைத்தது. மழைக்கு முன்னால் அறுத்து முடித்தோம். உலர்ந்த பிறகு போன வாரம் சங்கத்து லாரி வந்து ஏற்றிக்கொண்டது. நானும் கூட வருகிறேன் என்று ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பாலத்துச் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். எனக்குக் கை கதவுப் பிடிக்குப் போனது உண்மை. ஆனால் திறக்கவில்லை. சீருடை போட்ட ஒரு இளைஞர் வந்து என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "கிஃப்" என்றேன். யாருடையது என்றார். "என்னுடையது. அயாஷி பின் அலி, அய்ன் ரம்மான்" என்றேன். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது ஹாஜி, இவ்வளவு சத்தம் வேணாம், போயிட்டு வாங்க" என்று கட்டையைத் தூக்கிவிட்டார். பாலம் தாண்டியதும் ஓட்டுநரிடம் லாரியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான், சும்மா என்றேன். ஆற்றைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டேன். நீ கேட்டது நடந்துவிட்டது மகளே. அறுவடை வீட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது, என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.

இனி நீ வரலாம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை எப்போது என்று எழுது. கம்பளிச் சாக்ஸ் அதிகமாகக் கொண்டு வா, மலைக்காற்று அவர்களுக்குப் புதிது. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், வேலை வேலை என்று நின்றபடியே சாப்பிடவேண்டாம் என்றும் சொல். உன் யிம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொல்கிறாள், காகிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று எனக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை. இறைவன் உன் வீட்டை நிறைத்து வைக்கட்டும், உன் பிள்ளைகளின் கண்ணில் பயத்தைக் காட்டாமல் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது இதே பாலத்தில் போலீஸ்காரர்கள் உன்னை நிறுத்தி உன் பாபா பெயர் என்ன என்று கேட்பார்கள். நீ பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரியாது என்று சொல்லிவிட்டு நடப்பாய். நீ வரும்போது அங்கே மறுபடி கேட்பார்கள், யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று. பிள்ளைகள் காதில் விழும்படி சொல்.

உன் பாபா,
அயாஷி பின் அலி