மேட்டுத் திடலில் முப்பது பேர்

செவன் ஹில்ஸ், சிட்னி
14.10.1975

அன்புள்ள ஐயாவுக்கு,

நானும் இவரும் குழந்தை கலாவும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா? போன கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. விலைவாசியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள்.

இன்றைக்கு நான் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர் ஸ்டோர்கீப்பராக வேலைசெய்யும் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை முப்பது பேர் வெளியூர் போய்க் கோல்ஃப் விளையாடுவார்கள். மட்டையால் பந்தை அடித்துக் குழியில் விழுத்தும் விளையாட்டு. அதற்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். இம்முறை பாதர்ஸ்ட் பக்கம். அங்கே காசு கட்டினால் யாரும் விளையாடக்கூடிய பொதுத் திடல்கள் இரண்டு. எது நல்லது என்று பார்த்துப் பதிவுசெய்யும் வேலை இவர் தலையில் விழுந்தது. காரணம், கையெழுத்து அழகாம்! இவர் மட்டையைத் தொட்டதே இல்லை.

மேற்பார்வையாளர் கெவினின் காரில் நானும் கலாவும் கூடப் போனோம். ஆற்றோரத் திடல் அவ்வளவு வடிவு. மேட்டுத் திடலோ கல்லும் காய்ந்த புல்லும். ஆற்றோரம்தான் என்று கெவின் அப்போதே முடிவுகட்டிவிட்டார். இவர் வேலியோரம் போய்க் குனிந்து பார்த்தார், குதிக்காலால் மண்ணை அமத்தினார். வேலிக் கம்பியில் முழங்கால் உயரத்துக்குப் பழைய வெள்ளம் கொண்டுவந்த சருகு சிக்கியிருந்தது. பள்ளமெல்லாம் கோரை. "புல்லு வடிவுதான், ஆனா தண்ணி ஓட வழியில்லை. மலையில ரெண்டு நாள் பெய்தா இது குளம்" என்று என்னிடம் சொன்னார். கெவினிடமும் அதையே சொல்லி, பொறுப்பு என்னுடையது என்று மேட்டுத் திடலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த இரண்டு கிழமையும் விடிந்ததும் நான் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகமில்லை. ஸ்டோர்கீப்பருக்கு என்ன தெரியும் என்று எல்லோருக்கும் சிரிப்பு. கணக்குப் பிழைத்தால் இவர் அங்கே தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இவரோ வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக நித்திரை கொண்டார்!

வியாழனும் வெள்ளியும் மழை ஊற்றியது. சனி காலை ஆற்றோரத் திடலைப் பூட்டிவிட்டார்கள். மேட்டில் தண்ணீர் நிற்கவேயில்லை. வேறு கூட்டங்களும் அங்கே ஓடிவந்து இடம் கேட்டனவாம். எங்கள் ஆட்கள் முப்பது பேரும் பொழுதுசாயும்வரை விளையாடினார்கள். உனக்கு இது எப்படித் தெரியும் என்று கெவின் கேட்டபோதுதான், இரணைமடுக் குளத்தில் பதினொரு வருடம் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்ததை இவர் சொல்லியிருக்கிறார். இரண்டரை வருடமாக ஒருவரும் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. நேற்று மனேஜர் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொன்னாராம். என்ன நடக்குமோ தெரியாது. ஆனால் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை ஐயா.

எஞ்சினியர் கதிரையை விட்டுப் பெட்டி எண்ணப் போகிறவரை வழியனுப்ப மாட்டேன் என்று நீங்கள் அன்று விமான நிலையத்துக்கு வரவில்லை. அதற்குச் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. உங்கள் கடிதங்களில் நான் இருக்கிறேன், கலா இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் பசுவும் இருக்கிறது. இவர் பெயர் மட்டும் இல்லை. கணவன் பெயரைச் சொல்லாதது என் பழக்கம். உங்களுக்கு என்ன வந்தது?

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவருகிறவர் இவர்தான். என் கையில் தந்துவிட்டு, நான் வாசித்து முடிக்கும்வரை குசினி வாசலில் நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். நான் மடித்து வைத்ததும் போய்விடுவார்.

ஒரேயொரு தடவை, கடித உறையின் மேல் இவர் பெயரை எழுதி அனுப்புங்கள் ஐயா.

அம்மாவுக்கும் உங்களுக்கும் வணக்கத்துடன்,
உங்கள் பிள்ளை
இரஞ்சிதம்