ஜான்சி கேட்டது

அன்பு அத்தானுக்கு வணக்கம்.

நான் இங்கே நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? மாமா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா?

பள்ளியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயந்துவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வளரிளம் பருவம் பற்றி நான் பாடம் எடுக்க இருந்தேன். சக்கர நாற்காலியில் வரும் ஜான்சியை மட்டும் இன்னொரு டீச்சர் நூலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "இவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

"இவளும் மத்தவங்க மாதிரிதானே வளர்றா?" என்று சொல்லி அவளை வகுப்புக்குத் திரும்ப அழைத்து வந்தேன். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியில், இனி எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜான்சி இந்த ஊரிலேயே, கட்கி பகுதியில் பிறந்த தமிழ்ப் பெண். வகுப்பு முடிந்ததும் மெல்லக் கேட்டாள்: "மிஸ், பெரியவளானா என்னையும் யாராவது கல்யாணம் பண்ணிப்பாங்களா?"

"உனக்குப் பிடிச்சவங்களை நீயே பார்த்துக்கலாம். பிடிக்கலைன்னா வேண்டாம்னும் சொல்லலாம்."

சிரித்துவிட்டு, "உங்க சார் அவ்வளவு தூரத்துல இருக்காரே, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா மிஸ்?" என்றாள். பழகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

இங்கே வரும் உங்கள் தம்பியிடம் ரசப்பொடி கொடுத்தனுப்புங்கள். கூடவே நீங்கள் போட்ட சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
சிவகாமி