பிரென்னன் விட்டுக்கொடுத்த இடம்

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிற கும்பல் இந்த வருஷமும் அதே கட்டுரையோடு வந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசையாம். ஒருத்தனிடம் கேட்டேன், “வீட்ல பாத்திரம் கழுவுவியாப்பா?” முழித்தான். “அப்ப இந்த வரிய எடுத்துடு.”

முதலாமாண்டுப் பெண் ஒருத்தி, “மேடம், ஹாலோவே மெடிக்கல் காலேஜ்ல கென்டக்கிக்காரங்களுக்குன்னு தனி இடமாமே?” என்றாள். ஆமாம், எங்கள் கென்டக்கிப் பிள்ளைகளுக்கு, அதாவது உள்மாநிலத்துக்கு, ஒரு கணக்கு, வெளிமாநிலத்துக்கு வேறு கணக்கு. ஒன்றில் காலியானால் மற்றதிலிருந்து ஆள் எடுக்க மாட்டார்கள். இந்தக் கல்லூரியில் ஆலோசகராக உட்கார்ந்து இருபது வருஷமாகச் சொல்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

மதியம் என் பழைய மாணவி டெஸ்ஸா காம்ப்ஸ் வந்தாள். ஆம்புலன்ஸ் வேலை முடித்து அப்படியே, சீருடையோடு. ஹாலோவேயிலிருந்து பதில் வந்துவிட்டது. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. காத்திருப்போர் பட்டியல்.

இது அவளுக்கு மூன்றாவது முறை. நாலாவது முறை ஹாலோவேயில் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். மற்ற கல்லூரிகள் எல்லாம் கையை விரித்தாகிவிட்டது. புருஷன் வேடுக்கு டெக்ஸாஸில் வேலை தயாராக இருக்கிறது, ஜூலை வரைதான் பொறுப்பார்களாம்.

“காத்திருக்கணுமா மேடம்?”

“காத்திருக்கணும்டி.”

வேறென்ன சொல்ல?

மார்ச் 14, வெள்ளி

கடைசி ஆண்டு மாணவன் பிரென்னன் ஷெப்பர்ட் ஒரு பெட்டி டோனட்டோடு வந்து நின்றான். மூன்றாவது மருத்துவக் கல்லூரியும் இடம் கொடுத்துவிட்டதாம். அதில் ஒன்று ஹாலோவே, இன்னொன்று வடக்கே பெரிய பேர் பெற்ற கல்லூரி. நல்ல பையன், வாய் நிறையச் சிரிப்பு, படிப்பு தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தன் மூன்று நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான், ஒருத்தி வாசலில் நிற்கிறாள்.

ஏப்ரல் முப்பதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும், எல்லாருக்கும் அதுதான் விதி. “என்ன அவசரம் மேடம், நாள் இருக்கே” என்றான்.

டோனட்டில் இரண்டு தின்றேன். எரிச்சலோடேயே.

மார்ச் 27, வியாழன்

ஹாலோவே சேர்க்கை அலுவலகத்து நடீனுக்குப் போன் போட்டேன். டெஸ்ஸா எத்தனையாவது இடம் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

“ஏம்மா வெர்னா, உனக்குத் தெரியாததா? வரிசையெல்லாம் கிடையாது. இடம் காலியானா குழு உக்காந்து ஒரு ஆளைத் தூக்கும். அந்தப் பொண்ணுன்னா எல்லாருக்கும் பிடிக்கும், அது மட்டும் சொல்றேன். ஆனா இடம் காலியாகணுமே!”

இடம் காலியாக வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டெஸ்ஸா இன்று அழுதுவிட்டாள். அழுது நான் பார்த்ததில்லை. நேற்று மலையோரம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், பிரசவம், பாதை மோசம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. பிழைத்துவிட்டாள், சாமி புண்ணியம்.

“என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும் மேடம். படிச்சிருக்கேன், பாத்திருக்கேன். ஆனா செய்ய எனக்கு உரிமை இல்ல. கையைக் கட்டிக்கிட்டு வண்டிய வேகமா ஓட்டுன்னு கத்துறேன். இன்னொரு தடவை நீங்க ‘காத்திரு’ன்னு சொன்னீங்கன்னா, சத்தியமா இந்த ரூமுக்கு வரவே மாட்டேன்.”

நான் சொல்லவில்லை. மேசையில் இருந்த காகித நாப்கினை எடுத்து நீட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பிரென்னன் ஹாலோவேயை விட்டுவிட்டால்?

ஏப்ரல் 19, சனி

என்ன புத்தி இது. அவனும் என் மாணவன்தானே. ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர் விஷயத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று புது ஆலோசகர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். நான்தான். இந்த வாய்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிரென்னன் வந்தான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான், சிரிப்பைக் காணோம்.

“ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது மேடம். ஹாலோவேலயே சேந்துடலாமான்னு இருக்கு. வீட்லேருந்து நாப்பது நிமிஷம்தான். அம்மாவுக்கு இப்பக் கை ரொம்ப நடுங்குது. வாராவாரம் வியாழக்கிழமை ஹாலோவே ஆஸ்பத்திரிக்குத்தான் கை கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். அப்பா கடைய விட்டு வர முடியல.”

அவன் அம்மா லோயிஸுக்குப் பார்க்கின்சன் நடுக்க நோய் வந்தது எனக்குத் தெரியும். படி ஏற முடியவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாடியில்லாத வீடாகப் பார்த்துப் போனார்களே, குடிபுகுந்த அன்றைக்குப் பீன்ஸும் சோள ரொட்டியும் செய்து எடுத்துப் போனவளே நான்தான். எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“ஹாலோவே நல்ல இடம்தான். ஆனா உனக்கு அது சின்ன சட்டை. வடக்க கிடைச்சிருக்கறது எப்பேர்ப்பட்ட இடம்! அத விட்டுட்டு யாராவது...”

“அம்மா—”

“அம்மாவப் பாக்க டாக்டருங்க இருக்காங்க. அம்மா மடியிலயே உக்காந்திருந்தா நீ எப்படா டாக்டராவ?”

காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. பிறகு சிரித்தான். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னைவிட என்னை உங்களுக்குத் தெரியும்.”

நான் சொன்னதில் பொய் எது? வடக்கே உள்ள கல்லூரி பெரியதுதான். பையன் கெட்டிக்காரன்தான். பொய்யே இல்லை. அப்படியானால் ஏன் இதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 28, திங்கள்

பிரென்னனிடமிருந்து செய்தி: “ஹாலோவேய விட்டாச்சு மேடம். வடக்க போறேன். நன்றி.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். டெஸ்ஸாவுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் மனசு முழுக்க அவள் வீட்டுப் போன் அடிக்கிறது.

மே 2, வெள்ளி

இல்லை.

மே 6, செவ்வாய்

இன்னும் இல்லை. டெஸ்ஸாவை மளிகைக்கடையில் பார்த்தேன். வேடு அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். “சும்மா, கொஞ்சம் கொஞ்சமா கட்டி வெப்போம்னு” என்றான். டெஸ்ஸா என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழு எப்போது உட்காரும்? ஏன் இவ்வளவு தாமதம்? மூன்று நாற்காலிக்காரன் எழுந்துவிட்டான், இன்னும் என்ன கேடு?

மே 9, வெள்ளி

பொறுக்க முடியாமல் நடீனுக்குப் போன் போட்டேன்.

“எங்க பையன் ஒருத்தன் விட்டானே, அந்த இடம் என்னாச்சு?”

“ஷெப்பர்டா? அது அன்னைக்கே போயிடுச்சே. இந்தியானா பொண்ணு ஒண்ணுக்கு.”

“இந்தியானாவா? கென்டக்கி பிள்ளைங்க காத்துட்டு இருக்கறப்பவா?”

“வெர்னா, அந்தப் பையன் விலாசம் ஒஹையோ. வெளிமாநில இடம் அது. வெளிமாநிலத்துக்குத்தான் போகும். இத நான் உனக்குச் சொல்லணுமா?”

பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆற்றைத் தாண்டினால் வேறு மாநிலம், ஒஹையோ.

போனை எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. அய்யோ, நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கேனே. பாலத்த தாண்டித்தானே போனேன். மடியில சூடா சட்டிய வெச்சுக்கிட்டு, ‘ஒஹையோ வரவேற்கிறது’ன்னு பலகைய படிச்சிட்டுத்தானே போனேன்! ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒப்பிச்சியேடி, ஒன்றில் காலியானால் மற்றதிலிருந்து எடுக்க மாட்டார்கள்னு. அவன் விட்டா அவளுக்குக் கிடைக்கும்னு எந்த மூளையால நினைச்ச? நம்ம காலேஜ் பையன், நம்ம ஊர்ப் பையன்னே மண்டைக்குள்ள இருந்துச்சு. நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.

பெற்ற அம்மாவை விட்டுப் போ என்று ஒரு பிள்ளையைத் துரத்தினேன். அதற்கு உதவாக்கரைக் காரணம்கூட மிச்சமில்லை.

மே 10, சனி

பட்டமளிப்பு. வெயில் கொளுத்தியது, கறுப்பு அங்கியில் வெந்தேன். ஓரமாக நழுவிவிடலாம் என்று பார்த்தால் லோயிஸ் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகை என் கையைப் பற்றியபடி. அந்தக் கை என் கைக்குள் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“அவன் இங்கயே இருந்துடுவானோன்னு ஒரு ஆசை இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா நீங்க சொன்னீங்கன்னா அதுக்கு மேல பேச்சு இல்லன்னான். என் பிள்ளைக்கு நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன்.”

தலையை ஆட்டினேன். என்ன செய்ய, தலையை ஆட்டினேன்.

மே 13, செவ்வாய்

நடீனுக்கு மறுபடி போன். பிரென்னன் திரும்பி வர வழியே இல்லையா? “இல்ல. விட்டா விட்டதுதான். அந்த இந்தியானா பொண்ணு வீடே பாத்தாச்சு.” அதற்கப்புறம் அவள் குரல் மாறியது. “நீ என்னம்மா பண்ணித் தொலைச்ச?”

ஜூன் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் பிரென்னன் வந்திருந்தான். வண்டி நிறுத்துமிடத்தில், வெயிலில் நிற்க வைத்தே சொன்னேன். அறைக்குள் உட்கார்ந்து சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இன்னொரு பிள்ளைக்காக உன்னிடம் அப்படிச் சொன்னேன், உனக்காக இல்லை என்றேன். யார் என்று சொல்லவில்லை.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

“அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சுதா மேடம்?”

“இல்ல.”

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். “அப்ப யாருக்குமே இல்ல.”

“இல்லப்பா.”

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் நல்லதுக்குத்தான் அனுப்புறீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்.” வண்டியில் ஏறினான். கண்ணாடியை இறக்கினான். “வியாழக்கிழமை அவங்கள யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னுதான் தெரியல.” என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை.

ஜூன் 4, புதன்

எங்கள் கல்லூரி டீனிடமும் ஒளிக்காமல் சொன்னேன். இந்த ஆலோசகர் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். வைகிறவர்தான், வைதார். அந்தப் பையன் புகார் கொடுத்தால் தான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்றார். கடைசியில், “வேற ஆள் வர்ற வரைக்கும் பாரு” என்றார். வாசலில் நாலு பேர் கட்டுரையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜூலை 18, வெள்ளி

போன். டெஸ்ஸா. “மேடம், ஹாலோவேல கிடைச்சிடுச்சு!” என்றாள். பின்னால் வேடு கூச்சல் போடுவது கேட்டது. பெட்டியெல்லாம் பிரிக்கணுமே, பெட்டியெல்லாம் பிரிக்கணுமே என்று.

உள்மாநிலப் பையன் ஒருத்தன் கடைசி நேரத்தில் விலகிவிட்டானாம். யாரென்று எனக்குத் தெரியாது. நான் அவனைப் பார்த்ததில்லை, அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எல்லாம் உங்களாலதான் மேடம்.”

“என்னால ஒண்ணும் இல்லடி. ஒண்ணுமே இல்ல.”

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். போனை வைத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். சந்தோஷமும்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிரென்னன் போன வாரமே போய்விட்டான். இன்று பாலம் தாண்டிப் போய் லோயிஸின் கதவைத் தட்டினேன். வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போகிறேன் என்றேன். இரண்டும் பொய்.

செப்டம்பர் 11, வியாழன்

பயிற்சி முடிந்து லோயிஸை மெதுவாக நடத்திக் கூட்டி வந்தேன். ஹாலோவே ஆஸ்பத்திரி நடைவழியில் மாணவர் கும்பல் ஒன்று எதிரே வந்தது. எல்லாரும் புதுக் குட்டை வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாமல். அதிலிருந்து ஒருத்தி பிய்த்துக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். டெஸ்ஸா. கண்ணுக்குக் கீழே கருவளையம், முகமெல்லாம் பல். “தூக்கமே இல்ல மேடம், செத்தேன்!” என்றாள், பரிசு கிடைத்த மாதிரி. லோயிஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, அது நடுங்குவதை உணர்ந்ததும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நலம் விசாரித்தாள். பிறகு ஓடினாள்.

“யாரு இந்தப் பொண்ணு?”

“என் மாணவி.”

லோயிஸ் அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல பொண்ணு.” இரண்டு அடி நடந்து நின்றாள். “பிரென்னனுக்கும் அந்தக் கோட்டு நல்லா இருக்கும், இல்ல? படம் அனுப்புடான்னா அனுப்பவே மாட்டேங்கறான்.”

“நல்லா இருக்கும்” என்றேன்.

வெளியே காற்று. அவளுடைய மேல்சட்டைப் பொத்தான் கழன்றிருந்தது, விரல்கள் அதைத் தேடித் தேடித் தவறவிட்டன. நான் குனிந்து போட்டுவிட்டேன். “உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம் வாராவாரம்” என்றாள்.

சிரமமெல்லாம் இல்லை, அடுத்த வியாழன் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறேன் என்றேன்.