எருமப்பட்டி பிரிவுக்கு ஒரு போன்

பாய்,

இன்று காலை உங்கள் தோல் பையைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. ரோட்டோரம் நிற்கும் சிக்னல் கண்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறாமலிருக்க நீங்கள் வாங்கியது. பெட்டிக்குப் போனதைவிட இந்தப் பையில் உருண்டதுதான் அதிகம். சிக்னல் ரிப்பேருக்குப் போகையில் நான் வண்டி ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார, நடுவில் இந்தப் பை. அத்தனை வருடமும் நான் சுவாசித்தது இதைத்தான். பாழாய்ப்போன வாசம், கண்ணைக் கரித்துவிட்டது.

எருமப்பட்டி பிரிவில் சிக்னல் வேலை செய்யவில்லையாம். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் ரோட்டைக் கடக்க வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டு, வேறு சாமான் வேண்டுமென்று சேலத்துக்குத் திரும்பி வர முடியாது. எதை எடுத்துப்போவது என்று தெரிய, அந்த முக்கில் பூ விற்கும் அம்மாவுக்கு முதலில் போன் போடுவது நம் வழக்கம். அதைத்தான் நேற்றிலிருந்து தள்ளிப்போட்டேன். எடுத்ததும் உங்களைத்தான் கேட்பார். நீங்கள் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

உங்கள் விசாரணை எனக்குப் பெரிய வேடிக்கை. தரையில் துண்டை விரித்து ஃப்யூஸ், ரிலே, சர்க்யூட் கார்டு எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொள்வீர்கள். நான் வெளியே ஹாரன் அடிப்பேன். "இரு மாப்ள, வைத்தியம் பாக்கப் போறவன் விசாரிக்க வேணாமா?" என்பீர்கள்.

"கெட்டுப்போச்சுங்க" என்பார் அந்த அம்மா.

"அதெல்லாம் வேணாம்மா. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

"ஏனுங்க, நான் யாவாரத்தப் பாக்கறதா, உங்க வெளக்கப் பாக்கறதா?" என்று ஒருமுறை பட்டென்று வைத்துவிட்டார். நீங்கள் விடுகிற ஆளா? மறுபடி போட்டீர்கள். மழை பெய்தால் அணைகிறது, நல்ல வெயில் அடித்தால் தானாக எரிகிறது என்று அப்போதுதான் சொன்னார். உடனே, கோளாறு கார்டில் இல்லையென்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, கேபிளில் கசிவு பார்க்கும் மீட்டரைப் பைக்குள் திணித்தீர்கள். போய்ப் பார்த்தால் ரோட்டுக்கு அடியில் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது. சரிசெய்ததும் அந்த அம்மா ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். அதை ஹேண்டிலில் சுற்றிவிட்டீர்கள். அந்துருண்டையையும் மீறி ராசிபுரம் வரை மணந்தது. யாருக்கு வாங்கிய பூ என்று வீட்டில் கேட்பார்களே என்று எனக்குத்தான் உதறல்.

இன்று ஒருவழியாகப் போன் போட்டேன்.

"சொல்லுங்க சாமி. பாய் பேசலீங்களா?"

"பாய் தவறிட்டாருங்க. போன மாசம் நெஞ்சு வலின்னு..."

"அய்யோ, நம்ம பாயுங்களா!" என்று அரற்றினார்.

"நீங்க எப்படிங்க இருக்கறீங்க?" என்றார்.

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறன்."

"அதெல்லாம் வேண்டாமுங்க சாமி. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

உங்கள் கேள்வி, பாய்! துக்கத்துக்கு வந்தவர்கள் ஆயிரம் ஆறுதல் சொன்னார்கள், இதை ஒருத்தரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். பின்னால் ஆளில்லாமல் வண்டி லேசாக ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். கடையில் வாய் தவறி இரண்டு டீ சொல்லிவிட்டு முழிக்கிறேன் என்றேன். அழுதேன். அந்தப் பக்கம் அவரும் மூக்கைச் சிந்தினார்.

பிறகு அவராகவே விளக்கைப் பற்றிச் சொன்னார். "பாரம் ஏத்துன லாரி அதிர அதிரப் போனாத்தான் அணையுதுங்க. செத்த நேரத்துல தானா எரியுது." அப்படியென்றால் பெட்டிக்குள் எங்கோ ஒயரின் திருகு தளர்ந்திருக்கிறது. கார்டுகளை நானும் ஒதுக்கி வைத்தேன். முடுக்குவதற்கு வேண்டிய சாமான்களோடு புது அந்துருண்டையும் போட்டுக்கொண்டேன்.

கிளம்புகிறேன், பாய். அந்த அம்மா பூக் கட்டி வைக்கிறாராம். "பாய்க்குங்க" என்றார். வேலை முடிந்ததும் ஹேண்டிலில் சுற்றிக்கொண்டு நேராக உங்கள் கபருக்குத்தான் வருகிறேன்.