கடைசிப் பத்தி

உனக்கு,

ஃபெலோஷிப் நேர்முகத்துக்கு நான் வரவில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விழிஞ்ஞத்துச் சிறுவன் பிரஜினின் இதயம் புதிய மருந்தில் தேறியதும், அதைக் கட்டுரையாக்கச் சொன்னது நீதான். அச்சானால் பெங்களூரில் உங்கள் குழந்தை இதயநோய்ப் பிரிவில் இடம் உறுதி என்றாய். அவன் வீட்டுக்குப் போன மறுவாரமே திரும்பத் தூக்கி வந்தார்கள். எங்கள் வார்டிலேயே இறந்தான்.

அதையும் எழுதி எங்கள் துறைத் தலைவர் சாரிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தியை அடித்தார். "டிஸ்சார்ஜோட நிறுத்து, கேட்டோ. அதுவரைக்கும் சத்தியம்தானே? பரிந்துரைக் கடிதம் நான் நல்லாத் தர்றேன்."

அன்று உன்னைக் கூப்பிட்டு அழுதேன். "ஒரு பத்திதானே, எடுத்துடேன். நானும் அப்படித்தானே வந்தேன்" என்றாய்.

மறுநாள் பையனின் அம்மா ஜெஸ்லின் இறப்புச் சான்றிதழுக்காக வந்தாள். "டாக்டரே, எனக்க மோனுக்க காரியம் எழுதுதீங்களாமே. வேற பிள்ளையளுக்கு உதவும்தானே?" என்று கேட்டாள்.

அவன் இறந்ததைச் சேர்க்காத கட்டுரையில் என் பெயர் இருக்கக் கூடாது என்று சாரிடம் சொல்லிவிட்டேன். என் பெயரை எடுத்துவிட்டார். பரிந்துரைக் கடிதமும் கிடையாது.

பெங்களூருக்கு இப்போது வரமாட்டேன். நீயும் இங்கே வர வேண்டாம். இன்று உன் கட்டுரைகளை எல்லாம் எடுத்து வாசித்தேன். அவற்றில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

உன் மனைவி