வரவேற்பு மேஜைக்கு ஒரு சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பல் ஆஸ்பத்திரியை வாங்கிய புது டாக்டர் கீகன் இன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இணையத்தில் யாரோ எழுதியிருக்கிறார்களாம்: "டாக்டர் அருமை. வரவேற்பில் இருக்கும் அம்மாவைப் பார்த்தால் பல்வலியே தேவலை."

"கொஞ்சம் சிரிங்க நோரீன். அவ்வளவுதான்."

பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். முகத்தைச் சும்மா வைத்திருந்தது குற்றமா?

மார்ச் 5

குளியலறைக் கண்ணாடி முன் அரை மணி நேரம். உதடு வலது பக்கம் மட்டும் ஏறுகிறது. இடது பக்கம் வேலைநிறுத்தம்.

என் வீட்டுக்காரர் வெண்டல் வெளியிலிருந்து, "உள்ள யாரு கூட சண்டை?" என்றார். பிறகு எட்டிப் பார்த்தார். "ஐயோ, இந்தச் சிரிப்பா! கூரைப் பனியை நாளைக்குத் தள்ளுறேன்னு நான் சொல்றப்பல்லாம் இப்படித்தானே சிரிப்பே!"

இன்றைக்கே தள்ள வைத்தேன்.

மார்ச் 6

பழைய படங்களைத் தேடி எடுத்தேன். இருபத்திரண்டு வயதில் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. கார் மோதி நசுங்கிய அன்றைக்கு எடுத்த படத்தில்கூட! முப்பத்தாறில் கையில் குழந்தை, உதடு மூடிய சிரிப்பு, பாதித் தூக்கம். ஐம்பதுக்கு அப்புறம் நான் சிரிப்பது எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

தங்கை மர்லீனிடம் போனில் சொன்னேன். "அப்போ நீ எல்லாருக்கும் பயந்தேக்கா. யாராவது கோவிச்சுக்குவாங்களோன்னு பல்லைக் காட்டிக்கிட்டே இருந்தே."

நானா? இருக்கலாம்.

மார்ச் 10

நாள் முழுக்கச் சிரித்தேன். வேர் சிகிச்சைக்கு வந்த மர ஆலைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சிரிக்கிறீங்க? எக்ஸ்ரேல அவ்வளவு மோசமாவா இருக்கு?"

எழுந்து போயே விட்டார். எங்கள் கனடா ஊரான தண்டர் பே-யில் இன்று குளிர் மைனஸ் பதினெட்டு டிகிரி. தொப்பி நாற்காலியிலேயே கிடக்கிறது.

மார்ச் 11

டாக்டர் என்னைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார். கோப்புகள், ஒரு போன். ஜன்னல்கூட இல்லை. என் இடத்தில் டெலேனி — பல் சுத்தம் செய்யும் பெண், வயது இருபத்துமூன்று. கதவைப் பார்த்தாலும் சிரிப்பாள்.

போயும் போயும் ஒரு சிரிப்புக்காகவா? வீட்டுக்கு வந்து அழுதேன். வெண்டல் சூப்பைச் சூடாக்கி முன்னால் வைத்தார்.

மார்ச் 14

மதியம் டெலேனி பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பல் அடைக்க வந்த ஒருவன், நாற்பது வயதிருக்கும், மூன்றாவது தடவையாக அவள் போன் நம்பர் கேட்கிறானாம்.

"முடியாதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். வேற மாதிரி சொல்ல வரல."

வெளியே போனேன். அவன் வரவேற்பு மேஜையில் சாய்ந்து நின்றான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான்... உக்காந்துக்கறேன்."

குழந்தைகள் மூலையில் போய், முழங்கால் காதைத் தொட, சின்ன நாற்காலியில் உட்கார்ந்தான். காத்திருந்த இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, திங்கள்

மறுபடி என் நாற்காலி. டாக்டரே என் சாமான்களைத் தூக்கி வந்து வைத்தார். சிரிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

பதினோரு மணிக்கு மெல்ல வந்து குனிந்தார். "டெலேனிக்கு உடம்பு சரியில்லையா? காலைல குட்மார்னிங் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டுனா."

"நல்லாத்தான் இருக்கா டாக்டர்."

அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.